நாற்பத்து மூன்றாவது கேள்வி

மணிலாவிலிருந்து படகில் போக வேண்டிய மன்லுகோஸ் கிராமத்தில் மனித உரிமைத் திட்டத்தின் இறுதிக் கணக்கெடுப்பில் பதில் சொன்ன இருநூற்றுப் பதினான்கு பேரில் பதினொரு பேர், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு கரும்புக் காட்டிலிருந்து ஜீப்பில் ஏற்றிக் கொண்டுபோகப்பட்டு, அதன்பின் யார் கண்ணிலும் படாதவர்கள். தங்கள் முறை வந்தபோது பதினொரு பேரும் வந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். பத்துப் பேர் நாற்பத்திரண்டு கேள்விகளையும் முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். ஒருவன் மட்டும் பாதியில் போனான், அதற்கு அவன் பொறுப்பில்லை. கரும்பு வெட்டு உச்சத்தில் இருந்த பிப்ரவரி அது, வெட்டுவதற்கு முன் தோகையை எரித்த சாம்பல் எல்லோர் தலையிலும் விழுந்தது, வந்தவர்கள் தலையிலும் விழுந்தது.

இது எப்படி நேர்ந்தது என்றால், ஒரு தவறினால் நேர்ந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, திட்டம் தொடங்கியபோது, முதல் கணக்கெடுப்பை எடுத்தவள் ரொவேனா. திட்டத்தால் ஊருக்கு என்ன பயன் என்று அளந்து அலுவலகத்துக்கு எழுதி அனுப்புவதுதான் அவள் வேலை. வீட்டில் எத்தனை பேர், பெயரென்ன, வயதென்ன என்பது மூன்றாவது கேள்வி. ஆறு மாதத்துக்கு மேல் வீட்டில் இல்லாதவரைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. ஆனால் ஊரே மனாங், அதாவது அக்கா, என்று கூப்பிடும் பசிங் அடுப்பைத் துடைத்துக்கொண்டே, "நானு, எம் புருசன், எம் மவன் ஆர்னெல். அவனுக்கு இருபத்தாறு வயசு" என்று சொன்னபோது, பத்தொன்பது வயதில் கொண்டுபோகப்பட்டவனுக்கு வருடா வருடம் வயதைக் கூட்டி வைத்திருக்கிற ஒருத்தியின் முகத்தைப் பார்த்து, அவனைச் சேர்க்க முடியாது மனாங் என்று சொல்ல ரொவேனாவுக்கு வாய் வரவில்லை. எழுதிக்கொண்டாள். ஒரு வீட்டில் எழுதினால் அடுத்த வீட்டில் மறுக்க முடியுமா? பதினொரு பெயரும் ஏறின.

தன் வீட்டுக்கு வந்தபோது மட்டும் அவள் விதியைப் பார்த்தாள். அவள் கணவன் தெர்யோவும் அதே ஜீப்பில் போனவன்தான். பன்னிரண்டாவது ஆள். ஊரார் வீட்டில் வளைந்து கொடுத்தவள், தன் வீட்டில் வளைந்தால் நாளைக்கு நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று நினைத்தாள். வீட்டில் ஒருவர் என்று எழுதி மூடினாள். நல்ல பெயரைக் காப்பாற்றிக்கொண்டாள், வேறென்ன.

முதலில் யாரை எழுதினோமோ அவர்களையே கடைசியிலும் கேட்க வேண்டும், அவரவர் வாயாலேயே கேட்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் சட்டம். அப்படித்தான் அந்தப் பதினொரு பேரும் வர வேண்டியதாயிற்று. படிவத்தில் இருந்த வயதோடு ஐந்து வயது கூடி வந்தார்கள். ஆர்னெல் முப்பத்தொரு வயதில், முன்தலை லேசாக வழுக்கை விழுந்து வந்தான். ஒருவனுடைய தகப்பன் மகனின் வயதைக் கூட்டாமல் பதினேழு என்றே சொல்லியிருந்தார். அவன் இருபத்திரண்டில், தன் தம்பியைவிடச் சின்னவனாக வந்து, தம்பியை அண்ணன் என்று நினைத்து எழுந்து நின்றான்.

ஆர்னெலிடம் ரொவேனா ஒவ்வொன்றாகக் கேட்டாள். பன்னிரண்டாவது கேள்வி: உரிமை மீறப்பட்டால் எங்கே முறையிடுவது என்று எந்த அளவுக்குத் தெரியும், ஒன்றிலிருந்து ஐந்துக்குள்.

"அஞ்சு போட்டுக்கங்க. நல்லாத் தெரியும்."

"முறையிட்டதுண்டா?"

"நேரம் கெடைக்கல."

வாசற்படியில் நின்றுகொண்டிருந்த மனாங் பசிங்குக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "ரொவேனா, ஒரே ஒரு கேள்வி சேத்துக் கேளும்மா. எங்கடா கெடக்கேன்னு கேளு."

"அது படிவத்துல இல்ல மனாங்."

"படிவத்துல இல்லாட்டி என்ன, வாயில இருக்குல்ல?" என்று சொல்லிவிட்டு, தானே மகன் பக்கம் திரும்பி, "எங்கடா ராசா இருக்கே?" என்று கேட்டாள். நாற்காலி காலியாக இருந்தது. காப்பிக் கோப்பை பாதி காலியாக, சூடாக இருந்தது. பதினேழாவது கேள்வியோடு அந்தப் பேட்டி நின்றது. மனாங் பசிங் அன்று அழவில்லை, தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். அதன் பிறகு மற்ற பத்து வீடுகளிலும் படிவத்தில் இல்லாத ஒரு வார்த்தையை யாரும் கேட்கவில்லை. பெற்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, பயிற்சி வகுப்பில் சாப்பாடு திருப்தியாக இருந்ததா என்ற கேள்விக்குத் தங்கள் பிள்ளை யோசித்துப் பதில் சொல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரொவேனா கடைசி நாள் தன் வீட்டிலும் ஒரு நாற்காலி போட்டு வைத்தாள். காப்பி ஆறியதுதான் மிச்சம். ஒருவர் என்று எழுதிய வீட்டுக்கு இரண்டாவது ஆள் எப்படி வருவான்?

அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினாள், ஒரு கேள்வியைச் சேர்த்து மறுபடி கேட்க அனுமதி வேண்டும் என்று. கடவுள் வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. முதலில் இருந்த படிவமும் கடைசிப் படிவமும் ஒன்றாக இருந்தால்தான் ஒப்பிட முடியும், மாற்ற இயலாது என்று பதில் வந்தது. பின்னாலேயே சரிபார்க்க மணிலாவிலிருந்து வில்லாவெர்தே என்ற மதிப்பீட்டாளர் வந்தார். சீட்டுக் குலுக்கி இருபது பெயர் எடுத்தார், அதில் மூன்று பேர் அந்தப் பதினொரு பேரில் இருந்தார்கள். மூவரையும் படிவப்படியே கேட்டு முடித்து, வெளியே வந்து இரண்டு கோப்பை தண்ணீர் குடித்தார்.

"ஏம்மா, இவங்க நகக்கண்ணுல எல்லாம் ஏன் இவ்ளோ மண்ணு?"

"இங்க அப்படித்தான் சார்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "பழைய படிவத்தத் தொட முடியாது. புதுத் திட்டம் வருது, மூணு வருசம். அதுக்குப் படிவம் நீங்கதான் எழுதப் போறீங்க" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, தகவல்கள் நம்பத்தகுந்தவை என்று எழுதிக் கொடுத்துப் படகேறினார்.

புதிய படிவத்தில் நாற்பத்து மூன்றாவதாக, தற்போது எங்கே இருக்கிறீர்கள், இடத்தை விளக்கமாகச் சொல்லவும் என்று ரொவேனா சேர்த்தாள். நாற்பதுக்குமேல் அலுவலகத்தில் யாரும் படிப்பதில்லை என்பதால் அது அப்படியே அச்சாகி வந்தது. அந்த முறையும் வீடு வீடாக எழுதி, பதினொரு பெயரையும் மறுபடி ஏற்றி முடித்து, கடைசியாகத் தன் வீட்டு மேசையில் உட்கார்ந்து, வீட்டில் எத்தனை பேர் என்று தன்னையே சத்தமாகக் கேட்டுக்கொண்டாள். ரெண்டு பேர் என்று சொன்னாள். தெர்யோ, வயது நாற்பத்திரண்டு. எழுத்து தெளிவாகத்தான் இருந்தது.

மூன்று ஆண்டுகள் போயின. முப்பத்தாறு பயிற்சி வகுப்புகள் நடந்தன, முப்பத்தாறிலும் பொட்டலத்தில் நூடுல்ஸ் கொடுத்தார்கள், பதாகைக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு புயல் மண்டபத்துக் கூரையைக் கொண்டுபோனது. ரொவேனாவுக்கு வாசிக்கக் கண்ணாடி தேவைப்பட்டது. மனைவியை இழந்த ஆலை மேஸ்திரி ஒருவர் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டார், இறுதிக் கணக்கெடுப்பு முடியட்டும் என்று சொல்லி அனுப்பினாள்.

மறுபடி பிப்ரவரியில் இறுதிக் கணக்கெடுப்பு வந்தபோது மனாங் பசிங் வாயில் துணியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆர்னெல் நாற்பத்திரண்டையும் முடித்தான். நாற்பத்து மூன்றாவதைக் கேட்டதும் முகம் தெளிந்து, "பழைய கரும்பு ரயில் தண்டவாளம் இருக்குல்ல, அதுல மூணாவது பாலம். பாலத்துக்குக் கீழ, கெழக்கால. ஆழமில்ல" என்றான். கையெழுத்துப் போட்டான். தாயின் தலையில் விழுந்திருந்த சாம்பலைத் தட்டிவிட்டுப் போனான். சொன்ன இடத்தில் தோண்டினார்கள், இருந்தான். ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடம் சொன்னார்கள். பதினொரு இடத்திலும் கிடைத்தார்கள், பல்லை வைத்து மாகாண மருத்துவர் உறுதி செய்தார். அந்த நவம்பரில், இறந்தோர் நாளில், பதினைந்து ஆண்டுகளாகக் கல்லறை வாசலோடு நின்றுவிட்ட குடும்பங்கள் உள்ளே போய் மெழுகுவத்தி ஏற்றின. பதில் சொன்னவர்கள் யாரும் மறுபடி வரவில்லை. அவர்கள் வர இனி காரணமும் இல்லை.

தெர்யோவை ரொவேனா கடைசியாக வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நாற்பத்தைந்து வயது, காதோரம் நரை. முப்பது வயதில் போனவனுக்கு நரை அழகாக இருந்தது. படிவத்தில் இல்லாததைக் கேட்கத்தான் கூடாது, சொல்லலாம் என்று அவளுக்குத் தோன்றியது. கூரை போனதைச் சொன்னாள், மேஸ்திரி கேட்டதைச் சொன்னாள். தெர்யோ சிரித்தான். "அந்தாளுக்குப் பல்லே இல்லியேடி" என்றான். அன்று இரண்டு கேள்விதான் கேட்டாள். மிச்சத்தை அடுத்த ஞாயிற்றுக்கு என்று ஒத்திவைத்தாள், ஒரே அமர்வில் முடிக்க வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை. அடுத்த ஞாயிறும் வந்தான்.

ஆகஸ்டில் நாற்பத்திரண்டாவது கேள்விக்கு வந்துவிட்டார்கள். திட்டம் குறித்து உங்கள் ஆலோசனைகள் என்ன என்பது அது. தெர்யோ நிறைய ஆலோசனை சொல்கிறவன்.

"கேட்டுத் தொலையேன்டி," என்றாள் மனாங் பசிங், மீன் கழுவிக்கொண்டே. "தெரிஞ்சிட்டா நிம்மதியாத் தூங்குவே. நான் தூங்கறேன்ல?"

"கேட்டுட்டா ஞாயித்துக்கெழம நான் என்ன பண்றது மனாங்?"

மனாங் பசிங் மீனில் ஒன்றை எடுத்து, தெர்யோவுக்குப் பிடிக்குமே என்று இலையில் சுற்றிக் கொடுத்தாள்.

இருநூற்று ஒன்பது பேரில் இருநூற்று எட்டுப் பேரின் பேட்டி முடிந்தது, ஒன்று நடந்துகொண்டிருக்கிறது என்று ரொவேனா அறிக்கை அனுப்பினாள். வில்லாவெர்தே இரண்டு முறை விளக்கம் கேட்டு எழுதினார், பிறகு எழுதவில்லை. ஆறு ஆண்டுகளாக ஒவ்வோர் ஆண்டறிக்கையிலும் அந்த வரி இருக்கிறது. மேஸ்திரி வேறொருத்தியைக் கட்டிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரொவேனாவைத் தேடி யாராவது வந்தால், பேட்டியில இருக்கா, மத்தியானமா வாங்க என்று பக்கத்து வீட்டார் சொல்லி அனுப்புகிறார்கள்.