சாயம் பூசிய மீசை

மீசைக்குக் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கிய ஒக்தாவைப் பார்த்து, அவர் மனைவி பெர்த், "யாருக்காக இந்த வேஷம்?" என்று மட்டும் கேட்டாள். கேட்டுவிட்டு உருளைக்கிழங்கு உரிப்பதைத் தொடர்ந்தாள்.

ஜெர்மானியர் பிடித்து வைத்திருந்த பிரான்சில், ரூவான் நகரத்தில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த ஒக்தாவுக்கு அறுபது வயது தாண்டியிருந்தது. எதிர் ரொட்டிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த சொலாஞ்சுக்கு இருபதுகூட இருக்காது. ரேஷன் ரொட்டியை நீட்டும்போது ஒருநாள் அவள் விரல் அவர் உள்ளங்கையில் பட்டது. அவள் அதை அப்போதே மறந்திருப்பாள். அவருக்கோ அன்றிலிருந்து யாருக்குச் சவரம் செய்தாலும் கண் தெருவுக்கு அப்பால்தான். தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. இருந்தும் கறுப்புச் சந்தையில் வாசனை சோப்பு வாங்கிக் கொடுத்தார். அவள் குதூகலத்தில் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டு ஓடினாள்.

பிறகு ஒரு மத்தியானம் அவளே கடைக்கு வந்தாள்.

"ஐயா, உங்கள நம்பித்தான் சொல்றேன். ரெமிய ஜெர்மன்காரங்க அவங்க ஊர்ல வேலைக்குன்னு கூப்பிட்டாங்க. அவன் போகல. எங்க கடை மாவுக் கிடங்குல ஒளிச்சு வச்சிருக்கேன். முடி காடா வளந்து கிடக்கு, வந்து வெட்டிவிடுறீங்களா?"

"ரெமி யாரு?"

"நான் கட்டிக்கப்போறவன்."

போனார். வெட்டினார். அந்தப் பையனின் தோளில் விழுந்த முடியை அவள் ஊதி ஊதித் தட்டிவிட்டாள்.

"மீசை ஜோரா இருக்கே ஐயா! எந்தப் பொண்ணு மயங்கப்போகுதோ?" என்றான் ரெமி. சொலாஞ்ச் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அவரைத் தூங்கவிடவில்லை. சனிக்கிழமை சவரத்துக்கு வந்த போலீஸ் அதிகாரி, கண்ணை மூடியபடி அலுத்துக்கொண்டார்.

"ஜெர்மனிக்கு வேலைக்குப் போகாம இந்தப் பயலுக எங்கதான் பூந்துக்கிறானுகளோ!"

"எதிர்க் கடை மாவு மூட்டைக்குப் பின்னாடி பாத்தீங்களா?"

வேடிக்கைக்குச் சொன்னதுபோலத்தான் வாயிலிருந்து வந்தது. அதிகாரி கண்ணைத் திறந்தார். கத்தி அவர் தொண்டைமேல் அசையாமல் நின்றது. "சும்மா சொன்னேன்" என்று ஒக்தாவ் சொல்லியிருக்கலாம். வெந்நீரில் துணியை நனைத்து, நுரையைத் துடைத்துவிட்டார்.

போலீஸார் ரெமியைச் சட்டையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். குறுக்கே விழுந்த சொலாஞ்சுக்குக் கன்னத்தில் அறை விழுந்தது. அவர்கள் போனதும் நேராக ஒக்தாவிடம்தான் ஓடிவந்தாள்.

"எனக்கு அப்பா மாதிரி நீங்க ஒருத்தர்தான் ஐயா. அவன ஜெர்மனிக்கு ரயில் ஏத்துறாங்களாம், ஸ்டேஷனுக்குக் கூட வாங்க. தனியா போனா விழுந்துடுவேன்."

நடைமேடையில் தாய்மார்கள் நெருக்கியடித்தார்கள். வண்டி நகர்ந்தபோது ரெமி ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டி, அவரைக் கண்டுகொண்டு கத்தினான்.

"ஒக்தாவ் ஐயா! இவள பாத்துக்கோங்க!"

சொலாஞ்சின் முழு பாரமும் அவர் மார்பில் சாய்ந்தது. வீங்கிய கன்னத்தின் சூடு சட்டையைத் தாண்டிச் சுட்டது. அணைப்பதற்குத் தூக்கிய கை அவள் தோளுக்கு ஒரு விரற்கடை மேலே அப்படியே நின்றது. வண்டியின் புகை இறங்கி, பக்கத்தில் நின்றவர்களை ஒவ்வொருவராக மறைத்துக்கொண்டு வந்தது.