மாடி அறையின் வெள்ளை

அப்பாவின் உதட்டை ஈரப் பஞ்சால் நனைத்துக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. கோரா எழுந்து போய்த் திறந்தாள். எதிர்வீட்டு பெவர்லி. பாசடீனா ஊரில் எந்தப் பழைய வீட்டின் பூர்வீகத்தையும் தோண்டி எடுத்துவிடுவாள். கையில் தடித்த கோப்பு.

"உங்கப்பா ரெண்டு வருஷமா நச்சரிச்சாரே, இந்த வீடு கட்டினப்போ எழுதின காகிதம், கிடைச்சிடுச்சு. வீட்டைக் கட்டின டட்டிலோட பேரன் வீட்டுப் பரண்ல கிடந்திருக்கு. எப்படி இருக்கார்?"

"இன்னிக்குத் தாண்டாதுன்னு நர்ஸ் சொல்லிட்டாங்க."

பெவர்லி கோப்பை நீட்டிவிட்டு உள்ளே வராமலே போனாள்.

1911இல் டட்டில் என்ற மரவியாபாரி கட்டிய வீடு. அவருக்குப் பிறகு ஒரு பாதிரியார், அவருக்குப் பிறகு போர்க்காலத்தில் அறைகளை வாடகைக்கு விட்ட விதவை புரூவெட். 1969இல் கோராவின் அப்பா, பல் டாக்டர் எவரெட் ஹோம், இதை வாங்கியபோது கீழிருந்து மேல்வரை சுவர்ப் பலகை, கதவு என்று எல்லா மரமும் வெள்ளைப் பெயின்ட்டில் மூழ்கிக் கிடந்தது. "பாவி, இவ்வளவு நல்ல மரத்துக்குச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி அடிச்சு வச்சிருக்காளே!" என்று புரூவெட்டைத் திட்டிக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமைகளில் பல் சுரண்டும் ஊசிகளை வைத்து இடுக்கு இடுக்காகச் சுரண்டினார். கீழ்த்தளம் பழுப்பாகப் பளபளத்தது. தெருவே வந்து பார்த்தது.

மாடி அறையில்தான் சண்டை.

"கீழ உங்க இஷ்டம்," என்றாள் அவர் மனைவி டோரிஸ். "இந்த ரூம் மட்டும் வெள்ளையாவே இருக்கட்டும். இது கட்டினப்பவே வெள்ளையாத்தான் இருந்திருக்கும். எனக்குத் தோணுது."

"உனக்குத் தோணினா ஆச்சா? எல்லாம் அந்த புரூவெட் வேலை. ஒரிஜினலா எப்படி இருந்துச்சோ அப்படித்தான் இருக்கணும்."

மூன்று கோடைகள் சுரண்டி, 1977 செப்டம்பரில் முடித்தார். அன்றைக்கே டோரிஸ் தலையணையை எடுத்துக்கொண்டு பின்பக்கத் தாழ்வாரத்துக்குப் போனாள். சாகும்வரை அங்கேதான் படுத்தாள், பத்தொன்பது வருஷம். கோராவுக்கு அப்போது பதினாறு வயது. அந்த வருஷம் முழுக்க அப்பாவோடு பேசவில்லை.

கட்டிலருகே உட்கார்ந்து கோப்பைப் பிரித்தாள். வீட்டைக் கட்டிய தச்சரின் ஒப்பந்தம், அறை அறையாக. கீழ்த்தளம்: பழுப்புச் சாயம், மெழுகு. மாடிப் படுக்கையறை: வெள்ளை எனாமல் பெயின்ட், மூன்று பூச்சு.

அம்மா சொன்னதுதான் சரி.

"பெவர்லியா வந்தது?" எவரெட் கண் திறந்திருந்தார். "கிடைச்சுதா?"

"கிடைச்சுதுப்பா."

"மாடி ரூமுக்கு என்ன போட்டிருக்கு?"

பதினாறு வயதிலிருந்து அவரிடம் சொல்லக் காத்திருந்த வார்த்தை. இப்போது கையில் ஆதாரமே இருந்தது. அவருடைய மணிக்கட்டைப் பார்த்தாள். குச்சியாக இருந்தது.

"வெறும் மரம்தான்பா. எண்ணெய் மட்டும் பூசியிருக்காங்க."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டோரம் லேசாக நெளிந்தது.

"அப்ப உங்கம்மா தோத்துட்டா."

"ஆமாப்பா."

"நானும் பல் பிடுங்க வர்ற எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்வேன். வலிக்காதுன்னு."

நினைவு தப்பிப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். மூன்று மணிக்கு மூச்சு நின்றது.

அடக்க ஏற்பாட்டுக்காரர்கள் வந்து, போட்டுவிட ஒரு சூட் கேட்டார்கள். கோரா மாடி அறைக்குப் போய், சுவரோடு சேர்த்துக் கட்டிய அலமாரியின் கதவைத் திறந்து, சட்டைகளை ஒதுக்கினாள். பின்பலகையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரம் சுரண்டப்படாமல் வெள்ளையாகவே இருந்தது. அதன் கீழே பென்சிலில் அப்பாவின் கோழிக்கிறுக்கல்:

"14 ஆகஸ்ட் 1977. வெள்ளைக்கு அடியில் சாயமும் இல்லை, எண்ணெயும் இல்லை. முதல் பூச்சே இதுதான். டோரிஸ் சொன்னது சரி."

ஆகஸ்ட். அதற்கு அப்புறமும் ஒரு மாதம் சுரண்டியிருக்கிறார். ஒரு வார்த்தை கீழே இறங்கிப் போய்ச் சொல்லியிருந்தால் போதும். கோராவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கத்தலாம் என்றால் கேட்க ஆளில்லை.

"மேடம், டையும் எடுத்துட்டு வர்றீங்களா?" கீழேயிருந்து குரல் வந்தது.

"வர்றேன்."

கறுப்பு சூட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கத் தாழ்வாரத்துக்குப் போனாள். டோரிஸின் ஒற்றைக் கட்டில் விரிப்போடு அப்படியே இருந்தது. அதன் மேல் அப்பாவின் கோட்டை விரித்துப் போட்டு, அதன் கைகளை நேராக்கி, தோளில் படிந்திருந்த தூசியைத் தட்டிவிட்டாள்.