எமன் வீட்டு எறும்புகள்

எமன் என்பது அவருக்கு ஊர் வைத்த பெயர். குழந்தையில் ஞானஸ்நானம் கொடுத்து வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. கூப்பிட ஆளில்லாமல் அது துருப்பிடித்துப் போயிற்று. பூச்சிமருந்து அடிப்பது தொழில். முதுகில் மருந்துத் தொட்டியும் முகத்தில் முகமூடியுமாக அவர் தெருவில் இறங்கினால், ஓட்டல் சமையலறைகளில் கரப்பான்கள் பிள்ளைகுட்டிகளோடு மூட்டை கட்டத் தொடங்கிவிடும் என்பார்கள். அது மிகை. பிள்ளைகுட்டிகளைக் கூட்டிக்கொண்டு ஓடும், அவ்வளவுதான். மூட்டை கட்ட எங்கே நேரம்?

பூசை முடிந்து கோயில் வாசலில் நின்ற ஃபாதரே ஒருமுறை, "வாங்க எமன், சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இப்பேர்ப்பட்ட எமனுக்கு வாய்த்த மனைவி பௌத்தப் பெண். பள்ளிக்கூடச் சீருடைகள் தைப்பவள். எறும்பை மிதித்துவிடக் கூடாதென்று தரையைப் பார்த்தே நடந்து பழகியவள், ஒருநாள் எதிரே வந்த எமனைப் பார்க்காமல் மோதிக்கொண்டதில்தான் இருவருக்கும் அறிமுகமே ஆனது.

கல்யாணப் பேச்சு வந்தபோது எமனின் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஏண்டா, ஏசுவையும் புத்தரையும் ஒரே வீட்டுல வச்சு எப்படிடா சமாளிப்பே?"

"ரெண்டு பேருமே சாப்பாட்டுல குறை சொல்றவங்க இல்லக்கா. உன்னைத்தான் சமாளிக்கணும்."

பெண்ணுக்கு மதம் மாறச் சொல்வார்களோ என்ற பயம் இல்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"உங்க தொழில் வாசப்படிக்கு அந்தப் பக்கம். வீட்டுக்குள்ள ஒரு உசிரும் உங்க கையால போகக் கூடாது."

"கொசு?"

"கொசுவும்தான்."

"தூக்கத்துல தெரியாம அடிச்சுட்டா?"

"முழிச்சதும் எங்கிட்ட சொல்லிடணும்."

எமன் சிலுவை போட்டுச் சத்தியம் செய்தார். அவள் அதை ஏற்றுக்கொண்டாள்.

முன்னறையில் ஒரு மர அலமாரி. அதன் மேல்தட்டின் ஒரு கோடியில் அவர் அப்பா வைத்திருந்த பித்தளைச் சிலுவை. மறுகோடியில் அவள் அம்மா கொடுத்த மரப் புத்தர். சிலுவை உயரம், புத்தர் உட்கார்ந்திருப்பவர் ஆதலால் குள்ளம். அவள் நாலாக மடித்த சீருடைத் துணி ஒன்றைப் புத்தருக்கு அடியில் வைத்துக் கணக்கைச் சரிசெய்தாள். நடுவில் ஒரே மெழுகுவத்தி, இரண்டு பேருக்கும் பொது.

சாயங்காலம் அதன் முன்னால் இருவரும் உட்காருவார்கள். முதலில் எமன் வாய்விட்டு ஜெபிப்பார். அவர் ஜெபத்தில் கேட்காத சாமான் கிடையாது: மழை, முதுகுவலிக்குச் சுகம், அக்காவுக்கு நல்ல புத்தி. பிறகு அவள் கண்ணை மூடிக்கொண்டு எதுவுமே கேட்காமல் இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை அவள் அவரோடு கோயிலில் முழங்காலிடுவாள். பௌர்ணமியன்று அவர் அவளோடு புத்த விகாரையில் உட்கார்ந்து, கால் மரத்துப்போய், எழுந்திருக்க ஆள் தேடுவார். இது நடக்கிற காரியமா என்று கேட்டவர்களுக்கு அவர் சொல்லும் பதில்: "ஒருத்தர் பேசுறாரு, ஒருத்தர் பேசாம இருக்காரு. சண்டை எங்கேர்ந்து வரும்?"

அந்த வீட்டுச் சேதி பூச்சிகளுக்கு எப்படி எட்டியது என்று தெரியவில்லை. எட்டிவிட்டது. பகலில் எந்த ஓட்டலில் எமன் மருந்து அடித்தாரோ, அந்த ஓட்டல் கரப்பான்கள் சாயங்காலத்துக்குள் அவர் வீட்டு அலமாரிக்குப் பின்னால் குடியேறியிருக்கும். காலொடிந்த கரப்பான் ஒன்று அவரை எங்கேயோ பார்த்த முகமாயிற்றே என்று வெகுநேரம் உற்றுப் பார்த்தது; முகமூடி இல்லாததால் அடையாளம் தெரியாமல் மீசையை ஆட்டிவிட்டுப் போய்விட்டது. வாசற்படியில் அவள் காலையில் ஒரு சிட்டிகை சர்க்கரை வைப்பாள். அடுத்த தெரு எறும்புகள்கூட வரிசையில் வந்து நின்றன. தள்ளுமுள்ளு இல்லை. ரேஷன் கடையைவிட ஒழுங்காக நடந்தது.

எமனுக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. வெளியில் கொன்று வந்ததற்கெல்லாம் வீட்டுக்குள் ஏதோ நேராகிக்கொண்டிருப்பது போல அவருக்கு ஒரு நிம்மதி.

பிறகு கரையான் வந்தது.

அலமாரியின் பின்காலில் மண்கோடு ஒன்று ஏறுவதை எமன்தான் முதலில் பார்த்தார். மனைவியிடம் காட்டினார். "போகட்டுங்க, அதுக்கும் வயிறு இருக்குல்ல" என்றாள். கரையான் அந்த அனுமதியைப் பெரிய மனதோடு எடுத்துக்கொண்டது. ஜெபம் நடக்கும்போது உள்ளே மென்றுகொண்டிருப்பது அவருக்குக் கேட்கும். ஆமென் சொன்னதும் மரியாதைக்கு ஒரு நொடி நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கும். மரத்தை முழுக்கத் தின்றுவிட்டுப் பெயின்டை மட்டும் விட்டுவைத்தது. கொஞ்ச நாள் அந்த அலமாரி பெயின்டின் பலத்திலேயே நின்றது. சந்தேகப்படுகிறவர்கள் அக்காவைக் கேட்கலாம். அவள் அதன்மேல் கைப்பையை வைக்கப் போனபோது எமன் அலறிய அலறல் தெருமுனை வரை கேட்டது.

அவள் ஒருவாரம் மௌனத் தியானத்துக்கென்று விகாரைக்குப் போனாள். வழியனுப்பிவிட்டு வந்த எமன் அலமாரி எதிரில் நின்றார். சாயங்காலம் அவள் கண்ணை மூடி உட்காரும் இடம் அதற்கு நேர் கீழே. இது சரிந்தால் அவள் தலையில்தான் சரியும். இது ஒரு காரணம். இன்னொன்றும் இருந்தது: இத்தனை ஊருக்கு மருந்தடித்தவன் வீட்டில் கரையான் குடித்தனம் நடத்துகிறதே என்று தொழில்காரனுக்கு உள்ளுக்குள் ஒரு அரிப்பு. எந்தக் காரணம் முதலில் கையைத் தூக்கியது என்று அவருக்கே நிச்சயமில்லை. வாசலில் கழற்றி வைத்த மருந்துத் தொட்டியை மாட்டிக்கொண்டு, முதன்முறையாகப் படியைத் தாண்டி உள்ளே வந்தார்.

துளை போட்டு ஊசியால் மருந்து ஏற்றினார். சுவரோரம், தரைவிளிம்பு, வாசற்படி எல்லாம் அடித்தார். கை வைத்தால் அரைகுறையாக விடத் தெரியாது. தின்ற இடத்தில் மரத்தூளும் பசையும் திணித்து, உள்ளே இரும்புப் பட்டை கொடுத்து, பெயின்ட் பூசி அலமாரியைக் கல்லாக்கினார். அப்புறம் பெருக்கினார். முறம் முறமாக வந்தது. காலொடிந்த கரப்பானும் அதில் இருந்தது.

அவள் திரும்பி வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் நின்றாள். மறுநாள் வைத்த சர்க்கரை சாயங்காலம் வரை வைத்தபடியே கிடந்தது.

"ஏங்க, எறும்பெல்லாம் எங்க?"

முழிச்சதும் சொல்லிடணும் என்று அவள் என்றோ சொன்னது எமனுக்கு அப்போது நினைவுக்கு வந்தது. வாயைத் திறந்தார். வேறொன்று வெளியே வந்தது. "மழை வரப் போவுதுல்ல. இடம் மாத்தியிருக்கும்."

"ஓ" என்றாள். அவ்வளவுதான். மறுநாளும் சர்க்கரை வைத்தாள். அதற்கு மறுநாளும். பழைய சர்க்கரையைத் துடைத்துவிட்டுப் புதுச் சர்க்கரை. எமன் வேலைக்குப் போகும்போது அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஒரு சாயங்காலம் அவர் வந்தபோது அலமாரித் தட்டில் சிலுவை மட்டும் இருந்தது. மறுகோடியில் நாலாக மடித்த துணி மட்டும் கிடந்தது. புத்தர் உள்ளறையில் தையல் மெஷின் பக்கத்துக்குப் போயிருந்தார்.

"என்னம்மா, அவரை எடுத்துட்டே?"

"அலமாரி பாரம் தாங்குமோ என்னமோன்னு எடுத்தேங்க" என்றாள், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

யானை ஏறி நின்றாலும் அசையாத அலமாரி. அது அவளுக்கும் தெரியும். பொய் சொல்லக் கூடாது என்பது அவள் சீலங்களில் ஒன்று. இத்தனை வருடத்தில் துணி தைக்கக் கொடுத்தவர்களிடம்கூட 'நாளைக்கு ரெடி' என்று ஒப்புக்குச் சொல்லியறியாதவள். அவர் சொன்ன பொய்யைச் சுடுகிற வெயிலில் நிற்கவிடாமல், அவள் இன்னொரு பொய்யால் அதற்குக் குடை பிடிக்கிறாள் என்று எமனுக்குப் புரிந்தது.

அந்த ஞாயிறு கோயிலில் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் போய் முழங்காலிட்டார்.

"ஃபாதர், வீட்டுல கரையானைக் கொன்னுட்டேன். எறும்பையும்."

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஃபாதர் குரல் வந்தது. "எமன், அது உங்க தொழிலாச்சே."

"பொண்டாட்டிகிட்ட சத்தியம் பண்ணியிருந்தேன். அப்புறம் பொய்யும் சொன்னேன்."

"சத்தியத்தை மீறினதும் பொய்யும் பாவம். அதுக்கு மன்னிப்பு உண்டு. போய் அவங்ககிட்ட சொல்லிடுங்க."

"கரையானுக்கு?"

"அது பாவம் இல்லையேப்பா. இல்லாத பாவத்தை நான் எப்படி மன்னிக்கிறது?" என்றார் ஃபாதர். பிறகு குரலைத் தாழ்த்தி, "போகும்போது பாட்டுக்காரங்க அறையை ஒரு பார்வை பாருங்க. எலி ஆர்மோனியத்துக்குள்ள குட்டி போட்டிருக்கு" என்றார்.

அங்கிருந்து விகாரைக்குப் போனார். வயதான பிக்கு கையில் உட்கார்ந்த கொசுவை ஊதி அனுப்பிவிட்டுக் கேட்டுக்கொண்டார்.

"கொன்னது வினைதான்" என்றார். "ஆனா மன்னிக்கிறதுக்கு இங்க யாரும் இல்லையே. செஞ்சவருக்கு அது பலன் கொடுக்கும். இனிமே செய்யாம இருக்கலாம், நல்லது செய்யலாம்."

"தொழிலே அதுதானே, சாமி?"

"கொசுவலை வித்துப் பாருங்களேன்" என்ற பிக்கு, வாசல்வரை வந்து, கதவு நிலையைத் தட்டிக் காட்டினார். கரையான் அரித்து உள்ளே கூடாக ஒலித்தது. "கொல்லாத மருந்து ஏதாவது இருக்குதா?"

எமன் நடுத்தெருவில் நின்றார். மன்னிக்கக் கூடியவர் அது பாவமில்லை என்கிறார். பாவம் என்று ஒப்புக்கொள்பவரிடம் மன்னிப்பு என்ற சரக்கே இல்லை. இத்தனை வருடம் இரண்டு வீட்டுக்கும் மாப்பிள்ளை மாதிரி போய்வந்தவருக்கு, இரண்டுக்கும் நடுவில் இவ்வளவு அகலமான தெரு இருப்பது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

வீட்டுக்கு வந்து மனைவியின் தையல் மெஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னார்.

"தெரியுங்க. உங்க சட்டைய நான்தானே துவைக்கிறேன்? அந்த மருந்து வாசனை வீட்டுக்குள்ளயே வந்துச்சே."

"அப்புறம் ஏம்மா தினம் சர்க்கரை வச்சே?"

"போனதுகளுக்காக. அந்தப் புண்ணியம் உங்களுக்கும் கொஞ்சம் சேரட்டும்னு." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நீங்க சொல்லுவீங்கன்னும்தான்."

"மன்னிச்சிடும்மா."

"மன்னிச்சிட்டேங்க. கோயிலுக்கு வந்து வந்து அது எனக்கும் பழகிடுச்சு." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "ஆனா அதுங்க செத்தது செத்ததுதானே. புத்தர் முன்னால உக்காந்தா எனக்கு அந்த முறம்தான் கண்ணுக்குள்ள வருது. அந்த அலமாரியில வைக்க மனசு வரல. வாசல்ல ஒரே ஒரு எறும்பு வரட்டும். அன்னைக்கு எடுத்து வைக்கிறேன்."

எமன் எழுந்து வாசலுக்குப் போனார். வாசற்படிக்கு அவர் அடித்தது கைவசம் இருந்ததிலேயே உயர்ந்த மருந்து. அதற்கு வாடிக்கையாளர்களிடம் அவர் கொடுக்கும் உத்தரவாதம் ஊர் அறிந்தது: "அடிச்ச இடத்துல எறும்பு பேத்தி எடுத்தாலும் அந்தப் பேத்தி கால் வைக்காது." இதுவரை ஒருவரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை.

படியைச் சோப்புப் போட்டுத் தேய்த்தார். வெந்நீர் ஊற்றினார். எறும்பே வராத வாசலில் இப்போது காலையில் சர்க்கரை வைப்பது அவர்தான். வைத்துவிட்டுக் குந்தியபடி கொஞ்சநேரம் பார்ப்பார். எதிர் ஓரத்திலிருந்து எறும்பு வரிசை ஒன்று வரும். படிக்கு ஒரு சாண் தள்ளி வந்ததும், முன்னால் வரும் எறும்பு நின்று மீசையை ஆட்டிவிட்டு எல்லாரையும் திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடும்.

சாயங்காலம் ஒற்றைச் சிலுவைக்கு முன்னால் உட்காருவார். அவள் உள்ளறையில் தனியாகக் கண்ணை மூடியிருப்பாள்; நடுவில் இருந்த மெழுகுவத்தியை இரண்டாக வெட்டி ஆளுக்குப் பாதி வைத்துக்கொண்டார்கள். இப்போதெல்லாம் அவர் மழை கேட்பதில்லை, அக்காவின் புத்தியைப் பற்றியும் பேசுவதில்லை. தான் வாங்கிய மருந்தில் கம்பெனிக்காரன் ஏதாவது கலப்படம் செய்திருக்க வேண்டும் ஆண்டவரே, பாதிக்குப் பாதியாவது தண்ணீர் ஊற்றி ஏமாற்றியிருக்க வேண்டும் என்று அந்த மடித்த துணியையும் பார்த்து ஜெபிக்கிறார்.

கம்பெனிக்காரன் யோக்கியன். மருந்து சுத்தமான மருந்து.