அது என்று சொல்லாத வீடு

செமோர் தாமான் குடியிருப்பில், மங்களத்தின் வீட்டில் யாராவது 'அது' என்று சொன்னால், மூன்றடுக்கு எனாமல் சாப்பாட்டுத் தூக்கு ஒன்று அலமாரியிலிருந்து இறங்கி, சொன்னவர் காலடியில் வந்து நிற்கும். கூப்பிட்டால் பூனை வருகிற மாதிரிதான், வேறொன்றுமில்லை. பச்சைப் பூப்போட்ட தூக்கு. அடியில் சிவப்பு நகப்பாலிஷில் 'ஆ' என்று எழுதியிருக்கும். நடக்கும்போது கைப்பிடி கிணுகிணுக்கும். இந்தக் காரணத்தால் அந்த வீட்டார் பதினாறு வருடமாக எதையும் முழுப் பெயர் சொல்லியே கேட்டார்கள். "மேசை மேல இருக்கிற மூக்குக் கண்ணாடிய எடு" என்று அவள் புருஷன் ஜெயபாலன் பேசுவதைக் கேட்டு, வானொலியில் செய்தி வாசிக்க வேண்டிய மனுஷன் தொழிற்சாலை வாசலில் காவல் நின்று ஜாகா வேலை பார்க்கிறாரே என்று அக்கம்பக்கத்தார் கேலி செய்தார்கள். மங்களமும் சேர்ந்து சிரிப்பாள். உள்ளே கூசிப்போவாள்.

தூக்கு ஆலிஸுடையது. சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருவருக்கும் அடுத்தடுத்த வீடு. மங்களம் டெங்கிக் காய்ச்சலில் பதினொரு நாள் கிடந்தபோது, ஆலிஸ் விடியலில் பால்மரம் வெட்டிவிட்டு வந்து, கஞ்சியும் ரசமும் வைத்து, இந்தத் தூக்கில் கொண்டுவந்து அவளுக்கும் மகள் குமுதாவுக்கும் ஊட்டினாள். ஆலிஸுக்கு உலகத்தில் எல்லாச் சாமானுக்கும் ஒரே பெயர்தான். "அக்கா, அத அதுல ஊத்தி அங்க வச்சிருக்கேன்" என்பாள். மங்களத்துக்குத் தெளிவாகப் புரியும். பன்னிரண்டாம் நாள் தூக்கு மங்களத்தின் அடுப்படியில் கழுவிக் கவிழ்த்தபடி தங்கிவிட்டது. சோறு வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது யாரும் சொல்லித்தர வேண்டாத மரியாதை. கம்பெனி தோட்டத்தை விற்றுவிட்டதால், எல்லாருக்கும் சம்பளம் நின்றுபோயிருந்த மாதம். நாளைக்கு ஒரு கோழி அடிக்கலாம், நாளன்றைக்குப் பாயசம் வைக்கலாம் என்று மங்களம் தள்ளிப்போட்டாள். இதற்கிடையில் ஆலிஸ் குடும்பத்தைக் கோப்பெங்குக்கு ஏற்றிப்போக லோரி வந்து நின்றது. "மங்களம் அக்கா, போயிட்டு வாரேன்!" என்று ஆலிஸ் வாசலில் நின்று மூன்று தடவை கூப்பிட்டாள். மங்களம் சாத்திய கதவுக்குப் பின்னால் தூக்கைக் கட்டிக்கொண்டு மூச்சுக்காட்டாமல் நின்றாள்.

செமோருக்குக் குடிவந்த புதிதில் 'ஆலிஸ் வீட்டுத் தூக்கு' என்றார்கள். பெயரைச் சொல்லச் சொல்ல நெஞ்சு குறுகுறுத்ததால் 'அந்தத் தூக்கு' ஆயிற்று. பிறகு வெறும் 'அது'. முதல் வருடம் ஒரு தட்டு முறுக்கு போட்டுக் கொடுத்திருந்தால் தீர்ந்திருக்கும். மூன்று வருடம் கழித்து முறுக்கோடு போய் நிற்க எந்த முகம் இருக்கிறது என்று மங்களத்துக்குப் பட்டது. மூன்றாம் வருடம்தான் ஜெயபாலன் கைப்பேசியைத் தேடிக்கொண்டு "அது எங்க?" என்று கேட்க, தூக்கு முதன்முதலாக நடந்து வந்தது. அவர்கள் பயப்படவில்லை. திருடும்போது கையைப் பிடித்தது போல விக்கித்துப் போனார்கள். அலமாரியைப் பூட்டினால் பூட்டு தானே திறந்துகொண்டது. பழைய சாமான் எடுக்கிற சீனரிடம் போட்டார்கள். மறுநாள் பக்கத்து வீட்டுப் புனிதா துடைப்பத்தைக் காட்டி "அத கொஞ்சம் குடுங்கக்கா" என்றதும், மழையில் நனைந்தபடி மூன்று மைல் நடந்து வந்து நின்றது. தூக்கை விட முடியாததால் சொல்லை விட்டார்கள்.

போன மாதம் ஈப்போவில், இப்போது நர்சாக இருக்கும் குமுதாவிடம், முட்டிவலிக்கு வந்த ஒரு பெண், "மிஸ்ஸி, அத இப்படித் தள்ளி வைலா" என்று தலையணையைக் காட்டினாள். குமுதாவுக்குக் குரலே அடையாளம் சொல்லிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வருவதாக ஆலிஸ் சொல்லியனுப்பினாள். மங்களத்துக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. எந்தப் பேச்சையும் அந்தச் சொல் இல்லாமல் முடிக்கத் தெரியாதவள் அல்லவா வருகிறாள்! சனிக்கிழமை தூக்கைக் கைலியில் சுற்றி, குளியலறையில் கவிழ்த்து வைத்து, மேலே ஒரு மூட்டை அரிசியையும் ஏற்றினாள்.

ஆலிஸ் வந்தாள், தலை முழுக்க நரைத்து. நாற்காலியில் உட்கார்ந்ததும் காற்றாடியைப் பார்த்து, "வேர்க்குதுக்கா, அத வேகமா வைங்களேன்" என்றாள். குளியலறையில் அரிசி மூட்டை சரிந்து விழும் சத்தம் கேட்டது. தூக்கு கைலியை இழுத்துக்கொண்டு வந்து ஆலிஸின் காலடியில் நின்றது. ஜெயபாலன் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மங்களத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பாள்.

ஆலிஸ் குனிந்து, அடியில் இருந்த எழுத்தைத் தடவிப் பார்த்தாள். "இத நீங்க வீசலியா? காய்ச்சல்ல தெரியாம எங்க வீட்டுச் சோத்த சாப்பிட்டுட்டாங்க, அப்புறம் எங்க சாதிய நெனச்சு அருவருத்துத் தூக்கிப் போட்டுட்டாங்கன்னுதான் இத்தன வருஷமா நெனச்சேன். கதவுக்குக் கீழ உங்க காலு தெரிஞ்சிச்சுக்கா. மூணு தடவ கூப்பிட்டேன். காலு அசையல."

தான் வெட்கப்பட்டது ஒரு தூக்குக்காக. ஆலிஸ் சுமந்ததோ வேறு ஒன்று. மங்களத்துக்கு இப்போதுதான் உறைத்தது. "ஐயோ ஆலிஸ், வெறுஞ்சட்டியா எப்படிக் குடுக்கிறதுன்னுதான்..." என்று தொடங்கினாள்.

"ஒரு பிடி சீனி போட்டுக் குடுத்திருக்கலாம்லா."

அன்றைக்கு டப்பாவில் சீனி இருந்தது. மங்களத்துக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அரை டப்பா இருந்தது. அவள் உள்ளே போய், ஒரு பிடி சீனியை அள்ளி வந்து மேலடுக்கில் போட்டு, இரண்டு கையாலும் நீட்டினாள். ஆலிஸ் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். இருவரும் வெகுநேரம் அழுதார்கள்.

இப்போது அந்த வீட்டில் எல்லாரும் இஷ்டம்போல 'அது' என்கிறார்கள். சொல்லும்போதெல்லாம் கோப்பெங்கில் ஆலிஸ் வீட்டு அலமாரியிலிருந்து தூக்கு இறங்கி, வாசல்வரை நடந்து போய் நிற்கிறது. ஆலிஸ் உடனே போன் போட்டு, "என்னக்கா, கூப்பிட்டீங்களா?" என்று கேட்கிறாள். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை இப்படி நடக்கும். மங்களம் எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு ஓடி வந்து, முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறாள்.