இதயத்துக்கு ஒன்றுமில்லை

டாக்டரம்மா ஒற்றை விரலால் என் நெஞ்செலும்புக்கு இடப்பக்கம் அழுத்தியதும் எனக்கு உயிர் போய் வந்தது. அவளுக்கோ முகமெல்லாம் சிரிப்பு. தொலைந்த சாவி கிடைத்துவிட்ட சிரிப்பு.

"இங்கதான? பயப்படாதீங்கம்மா. ஈசிஜி, எக்கோ, ரத்தம் எல்லாம் பாத்தாச்சு. உங்க ஹார்ட் ஜம்முனு இருக்கு. விலா எலும்பு நெஞ்செலும்போட சேருற இடத்துல வீக்கம், அவ்வளவுதான்."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வெளியே பெஞ்சில் இருந்தவர்களெல்லாம் இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வேண்டாத தெய்வத்தையெல்லாம் வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் மட்டும் தலைகீழாக வேண்டிக்கொண்டு வந்திருந்தேன். இதயம் என்றால் கொழுந்தன் வருவான். "ரிசல்ட் வரட்டும் அண்ணி. ஹார்ட்டுன்னு சொல்லிட்டா மறுநாளே வந்து அண்ணன என்கூட கூட்டிட்டுப் போயிடுறேன்" என்று வாய் நிறையச் சொல்லியிருந்தான். பெரிதாக ஒன்றும் வேண்டாம். படுக்கவைத்து மாத்திரை கொடுக்கிற அளவுக்குச் சின்னதாக ஓர் அடைப்பு. அதைத்தான் கேட்டேன்.

"கனமா எதாவது தூக்குவீங்களா?"

"தூக்குவேன்."

"எவ்ளோ இருக்கும்?"

"முன்ன எண்பது கிலோ. இப்பக் கொஞ்சம் எளச்சிருக்கு."

"மூட்டையா?"

"வீட்டுக்காரர்."

எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "ரெண்டு மாசமாச்சும் வெயிட்டே தூக்கக் கூடாதும்மா. வேற யாராவது…" என்று இழுத்தபடி, துணைக்கு வந்தவர் உட்காரும் நாற்காலியைப் பார்த்தாள். அதில் என் பை இருந்தது.

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். ஒரு திருப்பத்தில் படியிலிருந்து விழுந்தார், இடுப்புக்குக் கீழே அன்றோடு சரி. அன்றிலிருந்து கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கக்கூசுக்கு, மறுபடி கட்டிலுக்கு என்று நான்தான் அவருக்கு வண்டி. முட்டியோடு முட்டி வைத்துக் குனிவேன். அவர் என் பிடரியில் கைகளைக் கோத்துக்கொள்வார். நெஞ்சோடு நெஞ்சு அழுந்தும். "போலாம் ரைட்!" என்று அவர் குரல் கொடுத்ததும் தூக்குவேன். அந்தக் குரல் இல்லாமல் ஒருநாளும் தூக்கியதில்லை. கல்யாணமான புதிதில்கூட நீ இப்படிக் கட்டிப்பிடித்ததில்லை என்று கிண்டல் வேறு. வலிக்கிற இடம் சரியாக அவர் நெஞ்சு வந்து அழுந்துகிற இடம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். காலையில் நான் வாரிவிட்ட தலை அப்படியே இருந்தது. அசையாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"கேஸாம்" என்றேன்.

"அடிப்பாவி! ஒரு ஏப்பத்துக்கா என்னை இந்தப் பாடு படுத்தின? ராத்திரியில அந்த உருளைக்கிழங்க நிறுத்துன்னு தலபாடா அடிச்சிக்கிட்டேனே, கேட்டியா?"

சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உள்ளதைச் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் தூக்கவிட மாட்டார். முன்பு ஒருமுறை எனக்கு முதுகு பிடித்துக்கொண்டபோது, கக்கூசுக்குப் போக வேண்டி வருமே என்று நாள் முழுக்கப் பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் கிடந்து, காய்ச்சலை இழுத்துவைத்துக்கொண்ட மனுஷன். அந்தப் பிடிவாதத்தை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

டீ போட்டு அவர் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தபோது கொழுந்தன் போன் செய்தான். சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, இதயத்துக்கு ஒன்றுமில்லையாம் என்றேன்.

"ஹார்ட் இல்லேல்ல? அப்பாடா, வயித்துல பால வார்த்தீங்க அண்ணி!"

"எலும்புல வீக்கமாம் தம்பி. வெயிட் தூக்கவே கூடாதுன்னு…"

"என்ன அண்ணி, தண்ணி சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

"வெயிட் தூக்கக் கூடாதாம்!"

"அதெல்லாம் தைலம் தேச்சா போயிடும் அண்ணி. நான்கூட என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். உடம்பப் பாத்துக்குங்க."

நிஜமாகவே சந்தோஷப்பட்டான். நான் பிழைத்துக்கொண்டதற்கு ஒருவன் சந்தோஷப்படும்போது அவனை என்னவென்று திட்டுவது? குழாயை மூடினேன். வீடு நிசப்தமாக இருந்தது. டிவியை அவர் எப்போது நிறுத்தினார் என்று தெரியவில்லை.

கூடத்துக்கு வந்தேன். டீ வைத்தது வைத்தபடி இருந்தது.

"குடிக்கலையா?"

"வேணாம். வயிறு ஒரு மாதிரி இருக்கு. உன் கேஸு எனக்கு வந்துடுச்சு போல."

சிரிக்காமல் சொன்னார். நானும் சிரிக்கவில்லை.

"வாங்க, கட்டிலுக்குப் போயிடலாம்" என்று நாற்காலியின் பிரேக்கைப் போட்டேன். முட்டியோடு முட்டி வைத்துக் குனிந்தேன். அவர் கைகள் தோள்மேல் வந்து விழுந்தன. பிடரியில் கோத்துக்கொள்ளவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு குரலுக்காகக் காத்திருந்தேன்.

"ஹோல்டான்" என்றார், பஸ்ஸை நிறுத்தச் சொல்கிறாற்போல, என் கழுத்துக்குள்.

"கையக் கோத்துக்குங்க."

கோக்கவில்லை.

பஸ் நிறைய ஆட்கள் இருக்கிறாற்போல நானே கத்தினேன். "போலாம் ரைட்!" கோக்காத கைகள் மெல்லச் சரிந்து என் முதுகில் வந்து நின்றன. தூக்கவும் முடியாமல் நிமிரவும் முடியாமல் நான் அப்படியே குனிந்திருந்தேன். பக்கத்தில் டீ ஆறி, அதன்மேல் ஏடு படிந்துகொண்டிருந்தது.