மாடி இல்லாத படிக்கட்டு

கோக்-கப்கா காவல் நிலையத்துக்கு மாடி கிடையாது, படிக்கட்டு மட்டும் உண்டு. விசாரணைக்குப் போனவர் உடம்பெல்லாம் கன்றிப்போய்க் கிடந்தால், மருத்துவர் சினார் வந்து, "படியிலிருந்து தவறி விழுந்தார்" என்று எழுதிக் கையெழுத்திடுவாள். மறுநாள் காலை தெற்குச் சுவரோரம் ஒரு படி முளைத்திருக்கும். முதல் படியின்மேல் நிலையத் தலைவர் மேஜர் கதிர்குல் பூந்தொட்டி வைத்தார். ஐந்தாவது முளைத்ததும், எந்தப் படியிலிருந்து விழுந்தார் என்று அறிக்கையில் எண் போடச் சொல்லி உத்தரவிட்டார், ஒழுங்கான மனிதர். ஒரே எண் இருவருக்கு வந்தால் குழப்பம் என்று சினார் ஆளுக்கொரு புது எண் கொடுத்தாள். பதினொன்றாவது கூரையைத் தாண்டியது. உருளைக்கிழங்கு விலையைப் பேசிய அளவுக்குக்கூட எங்கள் தெரு இதைப் பேசவில்லை. கம்பளி காயப்போட்டோம். கல்யாணக்காரர்கள் படிக்கு ஒருவராக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பின்னால் பனிமலை நன்றாக விழும்.

புருல்சாவின் கணவன் மம்பெதாலி லாடம் அடிப்பவன். அடுத்த தெருவில் ஒரு கறுப்புப் பெட்டைக் குதிரை காணாமல் போனதும் அவனைக் கூட்டிப் போனார்கள். மூன்றாம் நாள், தானே திருடியதாக இடக்கையால் கையெழுத்துப் போட்டான். வலக்கை எழவில்லை. நான்காம் நாள் குதிரை தானாக வீடு திரும்பி வைக்கோல் தின்றது. வாக்குமூலம் அதற்குள் நீதிமன்றம் போய்விட்டதால் குதிரையின் தரப்பு எடுபடவில்லை. ஒன்பது ஆண்டு சிறை. சினாரின் காகிதத்தில் பத்தொன்பதாவது படி.

ரொட்டிக்கடை சாய்ராகுல் அறிவுரை சொன்னாள். "மனு எழுதி ஊரையே மாத்தப் போறியாக்கும்."

"ஊரு கெடக்கட்டும்க்கா. டாக்டரம்மா எழுதுன அந்த ஒரு வரி மாறுனா போதும், அவரு வீட்டுக்கு வந்துடுவாரு."

புருல்சா எழுதிய கடிதங்களின் முகவரிகளை வைத்தே பள்ளியில் பூகோளம் நடத்தலாம். ஓர் இடத்தில் உட்காரமாட்டாள். தேநீரை நின்றபடி குடித்தாள், தூக்கத்திலும் நடந்தாள் என்று பேச்சு. மூன்றாம் ஆண்டு, சித்திரவதையை விசாரிக்க ஜெனீவாவிலிருந்து ஒரு நெட்டைப் பெண்மணி மொழிபெயர்ப்பாளரோடு வந்தாள். மேஜர் முந்தின நாளே படிகளுக்குக் கம்பளம் விரித்துவிட்டார். மாடியில்லாத கட்டடத்துக்குப் படி எதற்கு என்று அவள் கேட்டதற்கு, மலை பார்க்க என்றார். அவள் பதிவேட்டில் விழுந்தவர்களை எண்ணினாள், நாற்பது. படிகளை எண்ணினாள், நாற்பது. மேஜரின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, எங்ககிட்ட எல்லாம் ஒழுங்கா இருக்கும்."

அப்போது புருல்சா சாய்ராகுல் மகளின் கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். மம்பெதாலி விழுந்ததாக எழுதிய அதே தேதி, படத்தின் மூலையில் இருந்தது.

"எண்ணிப் பாருங்கம்மா, பதினெட்டு. உச்சியில நிக்கிறது சாய்ராகுல் அக்கா. அவங்க தலைக்கு மேல ஆகாசம்தான். எம்புருஷன் எதுலேர்ந்து விழுந்தாரு?"

மொழிபெயர்ப்பாளர் அதை இரண்டு முறை சொன்னார், முதல் முறை தனக்கே. மேஜர் கம்பளத்தின் சுருக்கத்தைக் காலால் நீவிக்கொண்டிருந்தார்.

அதற்கு மேலும் நான்கு ஆண்டுகள் ஆயின, ஜெனீவாவில் ஒழுங்கு இன்னும் அதிகம் போல. கடைசியில் வந்த தீர்ப்பு, அந்த வரி பொய், வாக்குமூலம் செல்லாது என்றது. அன்று கண்ணால் பார்த்ததை உள்ளபடி எழுதும்படி சினாருக்கு உத்தரவு. இரண்டு தாள்களைக் கிழித்துவிட்டு மூன்றாவதில், "கைகளைப் பின்னால் கட்டித் தொங்கவிட்டதால் தோள்மூட்டு விலகியது" என்று எழுதினாள். மை காய்ந்தபோது பத்தொன்பதாவது படி அங்கே இல்லை. அதில் காய்ந்துகொண்டிருந்த யாருடைய போர்வையோ கீழே விழுந்தது. மேலே இருந்த படிகள் இருந்த இடத்திலேயே நின்றன.

மம்பெதாலி வசந்தத்தில் வந்தான். ஏழு வருடம் அந்த வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்களெல்லாம் பலகாரத்தோடு வந்தார்கள், சாய்ராகுல் முதல் ஆளாக. அவன் நேரே படிக்கட்டுக்குப் போய், இடைவெளிக்குள் இடக்கையை நீட்டிப் பார்த்துவிட்டு, அந்தக் குதிரை உயிரோடு இருக்கிறதா என்று கேட்டான். கிழமாகிவிட்டது என்றார்கள்.

இப்போது கம்பளி காயப்போட ஏறுகிறவர்கள் அந்த இடத்தில் காலை எட்டிப் போடுகிறார்கள், பழகிவிட்டது. எங்கள் தெருக் கல்யாணங்களில் மணமக்கள் படத்தில் விழாவிட்டாலும் உச்சிப் படி விழவேண்டும், மூலையில் தேதி இருக்கவேண்டும். புருல்சாவின் வீட்டில் காகிதங்களோடு பதினோரு பெண்கள் காத்திருக்கிறார்கள். போன வியாழக்கிழமை காலை, உச்சியில் புதிதாக ஒன்று முளைத்திருப்பதாகச் சாய்ராகுல் வந்து சொன்னாள். புருல்சா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டே செருப்பைத் தேடினாள்.

"யாரு வீட்டுப் புள்ள?"