சோறு பரிமாறும் காட்சி

பாலோ ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்குப் போட்டது சுத்தமான சிரிப்பு நாடகம். ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி, நடுவில் ஒரு குழம்புச் சட்டி. அவ்வளவுதான் கதை. எழுதியவர் தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார் சபாபதி. ஏழு பாட்டையும் அவரே எழுதி, அவரே மெட்டுப் போட்டு, ஆர்மோனியமும் அவரே வாசித்தார். விட்டால் சேலையையும் அவரே கட்டிக்கொண்டிருப்பார்.

புருஷன் வேஷம் சந்தனசாமிக்கு. மரம் சீவுகிற ஆள், வயது முப்பத்தெட்டு, கல்யாணம் ஆகவில்லை. கப்பலேறி வந்து பதினாறு வருஷம் ஆயிற்று. தோட்டத்தில் பெண்களே அதிகம் இல்லாத காலத்தில் வந்தவன், அதோடு வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன். அங்கே வேறு வேதக்காரக் குடும்பமே கிடையாது. யார் பெண் கொடுப்பார்கள்? தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தின் கடைசி அறையில் தானே பொங்கி, தானே போட்டுக்கொண்டு, தானே தின்றான். பக்கத்து அறையில் சிரிப்பதெல்லாம் பலகைச் சுவர் வழியாக வந்து விழும். அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்தால் சோறு இறங்காது.

பெண்டாட்டி வேஷம் காளியப்பனுக்கு. மீசையை எடுக்கச் சொன்னபோது ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவன், சேலை கட்டியதும் ஆளே மாறிவிட்டான். கடைசிக் காட்சியில் அவன் புருஷனுக்குச் சோறு பரிமாற வேண்டும். வெறும் தட்டை வைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்தால் கை பழகாது என்று பிடிவாதம் பிடித்தான். அதனால் அவன் மனைவி ராசம்மா தினமும் ஒரு சட்டிச் சோறும் குழம்பும் கொடுத்தனுப்பினாள்.

சாயங்காலம் ரப்பர் பால் நிறுக்கிற கொட்டகையில் ஒத்திகை நடக்கும். காளியப்பன் ஒரு கரண்டி போட்டுவிட்டுக் குரலைக் குழைத்துக் கேட்பான்.

"என்னங்க, இன்னும் கொஞ்சம் போடட்டுமா?"

சந்தனசாமி குழம்பை நாக்கில் வைத்து முகத்தைச் சுளித்துப் பாட வேண்டும்:

உப்பு விக்கும் கடைக்காரன் உனக்கு மாமனா? – இந்த
ஊர்க்குளத்துத் தண்ணி எல்லாம் எனக்குப் போதுமா?

பாடி முடித்ததும், "போடி உன் அம்மா வீட்டுக்கு!" என்று கத்த வேண்டும். பெண்டாட்டி மூட்டையைத் தூக்குவாள். மங்களம் பாடிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போகலாம்.

முதல் நாள் அந்தக் கடைசி வரி சந்தனசாமிக்கு நிஜமாகவே மறந்துபோயிற்று. வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டு காட்சியை மறுபடி ஆரம்பித்தார். மறுபடி சோறு விழுந்தது, மறுபடி அந்தக் கேள்வி வந்தது. அறைக்குத் திரும்பும்போதுதான் சந்தனசாமிக்கு உறைத்தது. இந்தப் பதினாறு வருஷத்தில் அவனுக்குச் சோறு போதுமா என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. மீசை வழித்த ஆம்பிளை கேட்டால்தான் என்ன, கேட்டது கேட்டதுதானே!

மறுநாள் வேண்டுமென்றே மறந்தான். அதற்கடுத்த நாள் "அக்கா வீட்டுக்கு" என்றான். ஒருநாள் சரியாக அந்த இடத்தில் தும்மினான். ஒவ்வொரு தப்புக்கும் ஒரு கரண்டிச் சோறு, ஒரு கேள்வி. மூன்று வாரம் இப்படியே ஓட்டினான் மனுஷன்.

வாத்தியார் ஒருநாள் ஆர்மோனியத்தை மூடியே விட்டார்.

"ஐயோ, அலமாக்! ஒரே ஒரு வரி, அது உன் வாயில வரமாட்டேங்குது. நாளைக்கும் தப்புப் பண்ணினா வேஷத்தத் திரை இழுக்கிற மூர்த்திக்குக் கொடுத்துருவேன், பாத்துக்க."

மறுநாள் சரியாகச் சொன்னான். எல்லாரும் கை தட்டினார்கள். ஒத்திகை முடிந்துபோயிற்று.

நாடகம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது. மறுநாள் விடியுமுன் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்கு நிற்க வேண்டும் என்பதால், பொழுதோடு முடித்துவிடச் சொல்லியிருந்தார் தோட்டத்துத் துரை. தோட்டமே குடும்பம் குடும்பமாக வந்து கோயிலடியில் உட்கார்ந்திருந்தது.

கடைசிக் காட்சியும் வந்தது. காளியப்பன் பரிமாறினான், கேட்டான். சந்தனசாமி பாடினான். பாட்டு முடிந்தது. வாத்தியார் ஆர்மோனியத்தில் கை வைத்தபடி அந்த வரிக்குக் காத்திருந்தார். சந்தனசாமிக்கு வரி ஞாபகம் இருந்தது. அதைச் சொன்னால் எல்லாம் முடிந்துவிடும் என்பதும் தெரிந்திருந்தது.

தட்டை நீட்டினான். "இன்னும் கொஞ்சம் போடு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. உப்புக் கரிக்கிறது என்று பாடிய வாயல்லவா! காளியப்பன் திகைத்துப் போய் ஒரு கரண்டி போட்டான். சந்தனசாமி அவசரப்படாமல் சாப்பிட்டுவிட்டு மறுபடி நீட்டினான். சிரிப்பு இரண்டு மடங்காயிற்று. வாத்தியாரும் வேறு வழியில்லாமல் பாட்டை முதலிலிருந்து வாசித்தார். நாலாவது தடவை காளியப்பன் குனிந்து காதோடு சொன்னான்.

"அண்ணே, சட்டி காலிண்ணே. அந்த வரியச் சொல்லிருங்கண்ணே."

சந்தனசாமி சட்டிக்குள் எட்டிப் பார்த்தான். அடியில் நாலு பருக்கைதான் ஒட்டிக்கொண்டிருந்தது.

"போடி உன் அம்மா வீட்டுக்கு" என்றான். கத்த வேண்டிய வரி, குரல் எழும்பவில்லை. அதற்கும் சிரித்தார்கள்.

திரைக்குப் பின்னால் காளியப்பன் சேலையை அவிழ்த்துக்கொண்டே கேட்டான்.

"ஏண்ணே அப்படிப் பண்ணுனீங்க? பயந்தே போயிட்டேன்."

சந்தனசாமிக்கு அப்போது மறைக்கத் தோன்றவில்லை. "அந்த வரியச் சொன்னா நீங்க எல்லாரும் வீட்டுக்குப் போயிருவீங்கல்ல, அதான்."

காளியப்பன் ஒரு நொடி அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "வாத்தியாரே, அண்ணன் சொன்னதக் கேட்டீங்களா!" என்று கூப்பிட்டு அதை அப்படியே சொல்லிக் காட்டினான். வாத்தியார் சிரித்தார். ராசம்மா தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு புருஷனை அழைத்துப் போக வந்தாள், அவளிடமும் சொன்னான். அவளும் சிரித்தாள். சந்தனசாமியும் கூடச் சேர்ந்து சிரித்தான், வேறென்ன செய்வது?

ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். பொழுது சாய இன்னும் நேரமிருந்தது. வயிறு நிறைந்திருந்ததால் அறைக்குப் போய்ச் சமைக்கிற வேலைகூட அவனுக்கு இல்லை.